எக்ஸ்பி பெட்டியை விஎம் ஆக்குவது: 2004-ல் வாங்கிய அச்சகக் கணினி, பேஜ்மேக்கர், பேரலல் போர்ட் லாக்

அச்சுமை | 20 ஜூலை, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசியில் அப்பா காலத்திலிருந்து நடக்கிற சின்ன அச்சகம் எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அத்தனைக்கும் டைப் செட்டிங் நடப்பது ஒரே ஒரு பெட்டியில்தான்.

2004-ல் வாங்கியது. பென்டியம் 4, வயா சிப்செட் மதர்போர்டு, 512 எம்பி ரேம், 40 ஜிபி ஐடிஇ (பழைய வகை இணைப்பு) ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2. அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, கூடவே ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள். அந்த மென்பொருளுக்கான ஹார்டுவேர் லாக், அதாவது உரிமத்தைக் காட்டும் சின்னச் சாதனம், பின்பக்கம் பேரலல் போர்ட்டில் (பழைய பிரின்டர் போர்ட்) செருகியிருக்கிறது. லாக்கைப் பிடுங்கினால் கீபோர்டில் தமிழ் வராது. விற்றவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் வேலை நடுவில் இரண்டு முறை தானாக அணைந்தது. திறந்து பார்த்தால் பிராசசருக்குப் பக்கத்தில் ஐந்து கப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. ஒன்றில் பழுப்பாகக் கசிவு. ஊரில் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன், "டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணிட்டு புதுப் பெட்டிக்கு மாறிடுங்க" என்றார்கள். அப்பா பெட்டியைத் தொடவே விடவில்லை. 21 வருடக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. போன தலைமுறைக் கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று வருகிறவர்கள் எங்களுக்கு அதிகம்.

இதை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாக (விஎம், அதாவது மென்பொருளுக்குள்ளேயே ஓடும் கணினி) மாற்றிப் புதுப் பெட்டிக்குள் ஓட்டலாம் என்று படித்தேன். அப்படி மாற்றும் கருவிகளில், இன்றைக்கு இறக்கிய டிஸ்க்2விஎச்டி எக்ஸ்பியில் ஓடவில்லை. விஎம்வேர் கன்வெர்ட்டரின் புதுப் பதிப்பும் எக்ஸ்பியை ஏற்கவில்லை. ஆடி மாதம் என்பதால் முகூர்த்த வேலை இல்லை. ஆவணி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

வட்டுவைத்தியர் | 20 ஜூலை, இரவு 10:05

தம்பி, முதலில் பெட்டியை அணையுங்கள். எந்த மென்பொருளையும் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். உப்பின கப்பாசிட்டரோடு ஓடுகிற பெட்டியில் டிஸ்க்குக்குப் போகும் மின்சாரம் சீராக இருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் கோப்பு முறைமையே சிதையும்.

டிஸ்க்கைக் கழற்றுங்கள். யூஎஸ்பி–ஐடிஇ அடாப்டர் ஒன்று வாங்குங்கள். தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், 3.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் மின்சாரம் போதாது. ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள். நல்ல நிலையில் இருக்கிற வேறொரு கணினியில் லினக்ஸ் லைவ் பென்டிரைவ் போட்டு, டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுங்கள். அந்த நகல் கையில் வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

விண்டோஸ் கணினியில் செருகாதீர்கள். செருகியதும் அது எதையாவது எழுதும், "சரிபார்க்கவா" என்று கேட்கும், யாராவது சரி என்று அமுக்கிவிடுவார்கள்.

மெய்நிகர்மலர் | 21 ஜூலை, காலை 7:15

வைத்தியர் சார் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். 2007 முதல் ஏழெட்டு வருடம் எனக்கு இதுதான் வேலை. டேட்டா சென்டரில் ரேக் ரேக்காக இருந்த சர்வர்களை விஎம் ஆக்கினோம்.

கருவிகளைப் பற்றி அச்சுமை கேட்டதற்குப் பதில். பழைய இயங்குதளத்துக்குப் பழைய கருவி வேண்டும். விஎம்வேர் கன்வெர்ட்டர் 2007 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்னால் பி2வி (நிஜப் பெட்டியை விஎம் ஆக்குவது) அசிஸ்டன்ட் என்று ஒன்று இருந்தது. விண்டோஸ் என்டி 4 என்றால் கன்வெர்ட்டர் 3.0.3, விண்டோஸ் 2000 என்றால் 4.0.1, எக்ஸ்பி என்றால் 5 வரிசை. இந்தக் கணக்கு எங்களுக்கெல்லாம் மனப்பாடம். விஎம்வேர் 2022 பிப்ரவரியில் கன்வெர்ட்டரைப் பதிவிறக்கப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டு, அக்டோபரில் 6.3 ஆகத் திரும்பக் கொண்டுவந்தது. திரும்பி வந்தது புது விண்டோஸ்களுக்கானது. டிஸ்க்2விஎச்டியும் அப்படித்தான். 2009-ல் வந்த 1.x பதிப்புகள் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-ல் ஓடும். 2-க்குப் பிறகு வந்தவை விஸ்டாவிலிருந்துதான்.

மைக்ரோசாஃப்ட் பக்கமும் இதே கதை. விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளான விஎம்எம் 2012 ஆர்2 வந்தபோது பி2வி வசதியை நீக்கினார்கள். தனியாகக் கொடுத்த விர்ச்சுவல் மெஷின் கன்வெர்ட்டரையும் 2017-ல் நிறுத்தினார்கள். இந்தக் கருவிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. மாற்றப்பட வேண்டிய பெட்டிகளோ இன்னும் பட்டறையிலும் அச்சகத்திலும் ஆஸ்பத்திரி லேபிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பழைய பதிப்பு இன்ஸ்டாலர்களை அன்று சேமித்து வைத்தவர்கள் இன்று மற்றவர்களுக்குக் கொடுத்து உதவுகிறார்கள். கிடைத்தால் டிஜிட்டல் கையொப்பம் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கண்ட தளத்திலிருந்து எடுக்க வேண்டாம்.

லினக்ஸ்தம்பி | 21 ஜூலை, காலை 9:30

அக்கா, டிஸ்க்கின் முழு நகல் வந்துவிட்டால் கன்வெர்ட்டரே தேவையில்லையே. டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியில் ஒரு ரா இமேஜ், அதாவது டிஸ்க்கின் அப்படியே நகல். க்யூஎமு-இமேஜ் கருவியில் அதை விஎம் படிக்கும் வடிவங்களான க்யூகவ்2 ஆகவோ விஎம்டிகே ஆகவோ விஎச்டி ஆகவோ மாற்றலாம். ஒரே கட்டளை. எந்தப் பதிப்பு எந்த விண்டோஸுக்கு என்ற கவலையே இல்லை.

மெய்நிகர்மலர் | 21 ஜூலை, காலை 10:10

தம்பி, நகலெடுப்பது பாதி வேலைதான். கன்வெர்ட்டர் செய்த மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாது. நகலுக்குள்ளே போய், புது மெய்நிகர் வன்பொருளுக்கான டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரை வைத்து, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) அதைத் தொடக்கத்திலேயே ஏறும்படி பதிந்து, தேவைப்பட்டால் வன்பொருளோடு பேசும் ஹால் கோப்பையும் மாற்றிவிடும். ரா இமேஜை அப்படியே தூக்கி விஎம்மில் போட்டால் எக்ஸ்பி நீலத்திரையில் நிற்க வாய்ப்பு அதிகம். அச்சுமையின் பெட்டி வயா சிப்செட் வேறு.

கையால் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. செய்யலாம். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

எழுத்துருநேயன் | 21 ஜூலை, பிற்பகல் 2:45

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஏன் இந்தப் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? எல்லாக் கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் புது மென்பொருளுக்குப் போய்விடலாமே. தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டேம், டேப் குறியாக்கங்களெல்லாம் இடைக்கால ஏற்பாடுதான். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன.

அச்சுமை | 21 ஜூலை, இரவு 8:20

ஐயா, புது வேலைகளை ஏற்கெனவே யூனிகோடில்தான் செய்கிறேன். பிரச்சினை பழைய கோப்புகளில். எங்கள் மென்பொருளின் குறியாக்கம் டேமும் இல்லை, டேபும் இல்லை, அந்த நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. எழுத்தை மாற்றினாலும் பக்க அமைப்பு வராது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் இன்டிசைன் சிஎஸ்6-ஓடு முடிந்துவிட்டது, அதற்குப் பிந்தையவை திறப்பதில்லை.

ஒரு பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வளைவாக "ஸ்ரீ ராமஜெயம்", இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் பெயர்கள், கீழே சுற்றமும் நட்பும். அப்பா ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளியைக் கையால் நெருக்கி வைத்திருக்கிறார். அதில் இருக்கிற "ஸ்ரீ" அந்த எழுத்துருவில் மட்டும்தான் அந்த வடிவத்தில் இருக்கிறது. இதையெல்லாம் மாற்றத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மாற்றி முடிக்கும் வரைக்கும், சரியாக வந்ததா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவாவது, பழையது ஓட வேண்டும்.

எழுத்துருநேயன் | 21 ஜூலை, இரவு 9:00

ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும் என்பது சரியான வாதம். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பெட்டி ஓடத் தொடங்கியதும் அந்தக் குறியாக்கத்தின் எழுத்து அட்டவணையை அனுப்புங்கள், மாற்றி ஒன்றை நானே எழுதித் தருகிறேன்.

பட்டறைக்காரர் | 22 ஜூலை, காலை 6:50

கோவையிலிருந்து. எங்கள் பட்டறையில் பில் போடும் எக்ஸ்பி பெட்டியை இரண்டு வருடம் முன்பு டிஸ்க்2விஎச்டி 1.x வைத்து மாற்றினேன். நான் செய்த தப்பை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரும் செய்ய வேண்டாம்.

உருவான விஎச்டி கோப்பைச் சரிபார்க்க அதே கணினியில் மவுன்ட் செய்தேன். ஒரே கணினியில் ஒரே டிஸ்க் சிக்னேச்சர் (டிஸ்க்கின் அடையாள எண்) இரண்டு இருக்க முடியாது. அதனால் விண்டோஸ் நகலுக்குப் புது சிக்னேச்சர் எழுதிவிட்டது. பிறகு விஎம்மில் போட்டால், பாஸ்வேர்ட் கொடுத்ததும் "லோடிங் யுவர் பெர்சனல் செட்டிங்ஸ்" என்று வரும், அடுத்த நொடியே லாக் ஆஃப் ஆகிவிடும். திரும்பத் திரும்ப அதேதான். சிக்னேச்சர் மாறியதால் சி டிரைவ் வேறு எழுத்துக்குப் போய்விட்டது, அதுதான் காரணம். ரெஜிஸ்ட்ரியில் மவுன்டட்டிவைசஸ் பகுதியை வெளியிலிருந்து திறந்து அழித்த பிறகுதான் சரியானது. அந்தக் கருவியின் பக்கத்திலேயே, பூட் செய்யப்போகும் விஎச்டியை அதே கணினியில் இணைக்காதே என்று எழுதியிருக்கிறார்கள். நான் படிக்கவில்லை.

அப்புறம் எனக்கும் ஒரு கேள்வி. மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் ஈரோஷன் மெஷினோடு ஒரு விண்டோஸ் 98 பெட்டி இருக்கிறது, உள்ளே ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் ஒரு கார்டு. அதையும் விஎம் ஆக்க முடியுமா?

வட்டுவைத்தியர் | 22 ஜூலை, காலை 8:00

முடியாது. அந்தக் கார்டை விஎம்முக்குள் கொண்டுபோக வழி இல்லை. மெஷினை ஓட்டுகிற பெட்டிக்கு நேரம் பிசகாமலும் இருக்க வேண்டும். அதற்கு வேறு வைத்தியம். டிஸ்க்கை நகலெடுத்து, ஐடிஇ அடாப்டரில் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் இறக்கி அதிலிருந்து ஓட்டுங்கள். அதே ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள மதர்போர்டு ஒன்று கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிடுங்கள்.

அச்சுமை | 25 ஜூலை, இரவு 11:30

நகல் எடுத்துவிட்டேன்.

அடாப்டரை மதுரையிலிருந்து வரவழைத்தேன். லினக்ஸ்தம்பி தனிச்செய்தியில் சொன்னபடி டிடிரெஸ்க்யூவை முதல் சுற்றில் வேகமாகவும், கெட்ட இடங்களைத் தாண்டியும் ஓடவிட்டேன். நொடிக்கு 30 எம்பி வாக்கில் வந்தது, 25 நிமிடத்தில் முதல் சுற்று முடிந்தது. மூன்று இடங்களில் படிக்க முடியவில்லை. இரண்டாவது சுற்றில் அந்த மூன்றை மட்டும் திரும்ப முயன்றது. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, நல்ல வசதி. டிஸ்க் டக் டக் என்று அடிக்கும்போது எனக்கு நெஞ்சும் சேர்ந்து அடித்தது. இரண்டு இடம் மீண்டது. ஒன்று மட்டும் 4 கேபி போயிற்று. அது எந்தக் கோப்பில் விழுந்தது என்று பார்த்தால், விண்டோஸ் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும் பேஜ்ஃபைலில். யாருக்கும் நஷ்டமில்லை.

பழைய பெட்டியில் யூஎஸ்பி வழியாகவே எடுத்தால் என்ன என்று முதலில் நினைத்திருந்தேன். அதன் முன்பக்க யூஎஸ்பி 1.1. நொடிக்கு ஒரு எம்பிதான் வரும். கணக்குப் போட்டால் 11 மணி நேரம். அந்த நிலைமையில் அது 11 மணி நேரம் நின்று ஓடியிருக்காது.

வட்டுவைத்தியர் | 26 ஜூலை, காலை 6:10

நல்ல வேலை. இப்போது ரா இமேஜுக்கு ஒரு ஷா256 கணக்கு (கோப்பு பின்னால் மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து எழுதிவையுங்கள். இமேஜைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். இனி எல்லாச் சோதனையும் அதன் நகலில்தான். மூல டிஸ்க்கை ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

அச்சுமை | 27 ஜூலை, இரவு 10:15

மலர் அக்கா சொன்னது நடந்துவிட்டது. பழைய ஐ5 கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, விஎம் ஓட்ட உதவும் விர்ட்-மேனேஜரில் இமேஜைக் கொடுத்தேன். எக்ஸ்பி லோகோ வந்தது. கீழே பட்டை இரண்டு சுற்று ஓடியது. நீலத்திரை. ஸ்டாப் 7பி.

லினக்ஸ்தம்பி | 27 ஜூலை, இரவு 10:30

அண்ணாச்சி, மெஷின் வகை என்ன கொடுத்தீர்கள்? க்யூ35 என்றால் டிஸ்க் சாட்டா ஏஎச்சிஐ வழியாகப் போகும். எக்ஸ்பிக்குள் அதற்கு டிரைவரே கிடையாது. ஐ440எஃப்எக்ஸ் என்று மாற்றி, டிஸ்க்கை ஐடிஇ ஆக்கிப் பாருங்கள்.

அச்சுமை | 27 ஜூலை, இரவு 10:55

மாற்றிவிட்டேன். அதே 7பி.

மெய்நிகர்மலர் | 28 ஜூலை, காலை 7:40

இதை நிதானமாக விளக்குகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கும் உதவும்.

7பி என்றால் எக்ஸ்பி தான் கிளம்பிய டிஸ்க்கையே பார்க்க முடியாமல் நிற்கிறது என்று பொருள். முதல் கட்டத்தில் பயோஸ் வழியாகப் படித்து, கெர்னலையும் சில டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அடுத்து பயோஸை விட்டுவிட்டு, சொந்த டிரைவர் வழியாக டிஸ்க்கைத் தேடுகிறது. உங்கள் எக்ஸ்பிக்குத் தெரிந்தது வயாவின் ஐடிஇ கன்ட்ரோலர் மட்டும். விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் விஎம்மை ஓட்டும் க்யூஎமு காட்டுவது இன்டெல் பிக்ஸ்3. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. லோகோ வந்தும் பிறகு நிற்பதன் காரணம் இதுதான்.

தீர்வு மூன்று படி. முதலில் நகல் இமேஜை லினக்ஸில் மவுன்ட் செய்யுங்கள். எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன் 63-வது செக்டாரில் தொடங்கும், ஆகவே ஆஃப்செட் 63 பெருக்கல் 512, அதாவது 32,256 பைட். அப்புறம், விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ் பகுதியில் இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇஎக்ஸ், அட்டாப்பி மூன்று டிரைவர் கோப்பும் இருக்கின்றனவா பாருங்கள். இல்லாதது டிரைவர் கேஷ் கோப்புறையில் உள்ள கேப் என்ற சுருக்கக் கோப்புகளுக்குள் கிடைக்கும். சர்வீஸ் பேக் 2 போட்டிருப்பதால் எஸ்பி2 கேபில் முதலில் தேடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். கான்ஃபிக் கோப்புறையில் உள்ள சிஸ்டம் ஹைவில் (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி இருக்கும் கோப்பு), இன்டெல்ஐடிஇ சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பு 0 ஆக வேண்டும். 0 என்றால் பூட்டிலேயே ஏறும். கூடவே கிரிட்டிக்கல் டிவைஸ் டேட்டாபேஸில் இந்தக் கன்ட்ரோலரின் அடையாளம், அதாவது வென்டர் 8086, டிவைஸ் 7010, இன்டெல்ஐடிஇக்குச் சொந்தம் என்று பதிய வேண்டும். முதன்மை, இரண்டாம் ஐடிஇ சேனல்கள் அட்டாப்பிக்குச் சொந்தம் என்றும் பதிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் 314082 எண்ணுள்ள கட்டுரையில் இந்தப் பதிவுகளை முழுதாகக் கொடுத்திருந்தது. மெர்ஜ்ஐடிஇ என்ற பெயரில் சுற்றுகிற ரெஜிஸ்ட்ரி கோப்பு அதுதான். சிஎச்என்டிபிடபிள்யூ தொகுப்பில் ரெஜெட் என்ற கருவி உண்டு, கோப்பை ஹைவுக்குள் இறக்க அது உதவும். ஒன்றை மறக்க வேண்டாம்: வெளியிலிருந்து திருத்தும்போது கரன்ட் கன்ட்ரோல்செட் என்று ஒன்று இருக்காது. செலக்ட் பகுதியில் எந்த எண் நடப்பில் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கன்ட்ரோல்செட்டில் எழுதுங்கள்.

பெட்டி நல்ல நிலையில் இருந்து ஓடக்கூடியதாக இருந்தால் இவ்வளவு வேலை இல்லை. கழற்றும் முன்பே டிவைஸ் மேனேஜரில் வயா கன்ட்ரோலரை ஸ்டாண்டர்ட் டூயல் சேனல் பிசிஐ ஐடிஇ என்று மாற்றி, ரீபூட் செய்யாமல் அணைத்து, பிறகு நகலெடுத்தால் போதும். ஒரு நகல் பத்திரமாக எடுத்த பிறகுதான் அதையும் செய்ய வேண்டும்.

அச்சுமை | 29 ஜூலை, அதிகாலை 1:20

ஓடுகிறது!

செலக்ட் பகுதியில் நடப்பு எண் 3 என்று இருந்தது. நான் முதலில் 001-ல் எழுதிவிட்டு, திரும்பவும் நீலத்திரை பார்த்தேன். அக்கா எழுதியதை இரண்டாம் முறை படித்த பிறகுதான் புரிந்தது. 003-ல் எழுதியதும், பச்சைப் புல்வெளி, அப்பாவின் ஐகான்கள், எல்லாம் அந்தந்த இடத்தில்.

இப்போது இரண்டு பிரச்சினை. வன்பொருள் மாறிவிட்டது, 3 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யச் சொல்கிறது. லாக் வேலை செய்யவில்லை. யூஎஸ்பி–பேரலல் கேபிள் வாங்கிச் செருகிப் பார்த்தேன், மென்பொருள் "லாக் இல்லை" என்கிறது.

மெய்நிகர்மலர் | 29 ஜூலை, காலை 7:30

உரிமத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். பெட்டியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் எக்ஸ்பி என்றால் அது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான், விஎம்முக்கு மாற்ற அந்த உரிமம் இடம் தராது. தனி அட்டைப்பெட்டியில் வாங்கிய ரீடெய்ல் பதிப்பு என்றால் மாற்றிக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். கிராக் யோசனைகளை இங்கே யாரும் எழுத வேண்டாம். உள்ளே எதுவும் தெரியாத ஒரு கோப்பை, 21 வருட உழைப்பு இருக்கிற கணினிக்குள் விடுவது நியாயமில்லை.

அச்சுமை | 29 ஜூலை, காலை 9:05

ரீடெய்ல்தான் அக்கா. மதுரையில் வாங்கிய பில்லும் அட்டைப்பெட்டியும் பீரோவில் இருக்கின்றன. அப்பா எதையும் தூக்கி எறிய மாட்டார்.

லினக்ஸ்தம்பி | 29 ஜூலை, காலை 9:40

லாக் விஷயம். அந்த யூஎஸ்பி கேபிள் பிரின்டருக்கு மட்டும்தான் ஆகும். அது தன்னைப் பிரின்டர் என்றே காட்டிக்கொள்ளும், நிஜப் பேரலல் போர்ட் ஆகாது. லாக் மென்பொருள் 378 என்ற போர்ட் முகவரியில் நேரடியாகத் தட்டி, பின் பின்னாகப் பதில் எதிர்பார்க்கும். அதற்கு ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு வேண்டும். அசல் கார்டின் முகவரி வேறாக இருந்தாலும் பரவாயில்லை, க்யூஎமு விஎம்முக்குள் 378 என்றே காட்டும்.

கார்டு போட்டதும் லினக்ஸில் பார்போர்ட்0 என்று ஒரு சாதனம் தெரியும். அதை விஎம்மின் பேரலல் சாதனமாகக் கொடுங்கள். முன்னதாக லினக்ஸின் பிரின்டர் டிரைவரான எல்பி மாட்யூலை நினைவகத்திலிருந்து இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பிரின்டர் என்று நினைத்துப் போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விஎம்மை ஓட்டுகிற பயனர் எல்பி குழுவில் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சில லாக்குகள் நேரக்கணக்குப் பார்க்கும், விஎம்மில் அந்தத் தாமதம் ஒத்துவராது. உங்களுடையது எந்த ரகம் என்று செருகினால்தான் தெரியும்.

பட்டறைக்காரர் | 29 ஜூலை, மாலை 5:15

என்னிடம் அந்தக் கார்டு ஒன்று சும்மா இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நாளைக்கே கூரியரில் போடுகிறேன். காசெல்லாம் வேண்டாம்.

அச்சுமை | 4 ஆகஸ்ட், இரவு 8:50

பட்டறை அண்ணாச்சிக்கு எங்கள் வீட்டார் எல்லோர் சார்பிலும் நன்றி. கார்டு வந்தது, மாட்டினேன்.

முதல் முறை "லாக் இல்லை". எல்பி மாட்யூலை இறக்க மறந்திருந்தேன். இறக்கிவிட்டு விஎம்மைத் தொடங்கி, எழுத்துரு மென்பொருளைத் திறந்தேன். ஒரு விநாடி யோசித்தது. பிறகு வலது கீழ் மூலையில் அந்தச் சின்ன "அ" ஐகான் வந்தது.

அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. பேஜ்மேக்கரைத் திறந்து, 2006 கும்பாபிஷேக மலரைத் தேடிப் போய் எடுத்தார். அட்டையைப் பார்த்தார். ஆறாவது பக்கத்துக்குப் போய், ஒரு வரியில் கர்சரை வைத்து, அங்கே 19 வருடமாக இருந்த ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். அச்சானபோதே கவனித்தாராம்.

அச்சு எடுப்பது எப்படி என்றும் சொல்கிறேன். விஎம்முக்குள் பிரின்டரே வைக்கவில்லை. ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரை வைத்து, கோப்புக்கு அச்சிடு என்று கொடுக்கிறேன். வரும் பிஎஸ் கோப்பை லினக்ஸ் பக்கம் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பிடிஎஃப் ஆக்குகிறது. எழுத்துரு உள்ளேயே பதிந்து வருவதால் எந்த இடத்திலும் உடையவில்லை. பழைய பட்டர் ஷீட் பிரின்டையும் இதையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து உட்கார்ந்தது.

நெட்வொர்க் கார்டை விஎம்மிலிருந்து நீக்கிவிட்டேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, இணையத்தில் விட மனசு வரவில்லை. கோப்பு போய்வர ஒரு சின்ன இரண்டாவது மெய்நிகர் டிஸ்க் வைத்திருக்கிறேன்.

வட்டுவைத்தியர் | 4 ஆகஸ்ட், இரவு 9:20

நிறைவாக இருக்கிறது தம்பி. லாக்கை மறந்துவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இப்போது நகல் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை. கார்டில் திருகாணி போட்டு இறுக்கி வையுங்கள், யாரும் தூசி தட்டும்போது பிடுங்காதபடி. அது ஓடும் காலத்திலேயே எழுத்துருநேயன் சொன்ன மாற்றத்தைத் தொடங்குங்கள்.

மெய்நிகர்மலர் | 5 ஆகஸ்ட், காலை 7:00

கடைசியாக ஒன்று, நான் பட்டு அறிந்தது. 2009-ல் ஒரு நிறுவனத்தின் கணக்கு சர்வரை ஞாயிற்றுக்கிழமை விஎம் ஆக்கி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மின்தடைக்குப் பிறகு, ரேக்கில் அணைந்து கிடந்த பழைய சர்வரை யாரோ நல்லெண்ணத்தில் இயக்கிவிட்டார்கள். ஒரே பெயர், ஒரே ஐபி, இரண்டு சர்வர். பாதிப் பேரின் பதிவு ஒன்றில், பாதிப் பேரின் பதிவு இன்னொன்றில். சேர்த்து முடிக்க மூன்று நாள் ஆனது. அன்றிலிருந்து, மாற்றி முடித்த பெட்டியின் பவர் கேபிளைக் கழற்றி, சாக்கெட்டின் மேல் டேப் ஒட்டித் தேதி எழுதாமல் நான் இடத்தை விட்டுக் கிளம்பியதில்லை.

அச்சுமை | 5 ஆகஸ்ட், காலை 7:45

டேப் ஒட்டிவிட்டேன் அக்கா. இமேஜின் ஒரு நகல் விருதுநகரில் சித்தி வீட்டுப் பீரோவுக்குப் போகிறது, இன்னொன்று இங்கே. எழுத்துருநேயன் ஐயா, எழுத்து அட்டவணையை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவைத்திருக்கிறேன், மொத்தம் 224 கட்டம். எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?